எதில் முப்பது?

பெட்ரோல் பங்க்கின் ஒரு மூலை. காற்று பிடிக்கும் இடம். புதுக் கார் வாங்கிய ஒரு குடும்பம் முதல் தடவையாக வெளியூர் கிளம்பியிருக்கிறது. பின் சீட்டில் பாட்டியும் இரண்டு பிள்ளைகளும். டிக்கி நிறைய மூட்டை முடிச்சு. பங்க் பையன் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறான்:

"எவ்ளோ சார் வைக்கட்டும்?"

ஓட்டுபவர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் குனிந்து படிக்கிறார். 230 என்று இருக்கிறது. இருநூற்று முப்பதா? இவ்வளவு பெரிய நம்பரை எவரும் சொல்லிக் கேட்டதில்லையே! நடுவில் ஏதோ புள்ளி விட்டுப் போயிருக்கும் என்று அவராகவே முடிவு செய்து, "இருபத்தி மூணு வைப்பா" என்கிறார். பையனும் மறுபேச்சு இல்லாமல் இருபத்து மூன்று வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறான். வண்டி நெடுஞ்சாலையில் ஏறுகிறது.

ஸ்டிக்கரில் இருந்தது 230 கிலோபாஸ்கல். டயருக்குள் போனது 23 பி.எஸ்.ஐ. கிலோபாஸ்கலில் சொன்னால் 159. தேவையான காற்றழுத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இல்லை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நசுங்கி விரியும். அந்த நசுங்கல் சூடாக மாறும். முழு பாரம், மே மாத வெயில், நூறு கிலோமீட்டர் வேகம் எல்லாம் சேர்ந்தால் அந்தச் சூடு எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. வெடித்த டயர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் நடக்கமுடியாதது எது என்று சொல்லுங்கள் பார்க்கலாம். படித்தவர், ஸ்டிக்கரைத் தேடிப் பார்க்கும் அளவுக்குப் பொறுப்பானவர், வேலையை ஒழுங்காகச் செய்த பையன். இருவர் மீதும் தப்பு இல்லை. தப்பு அந்த நம்பருக்குப் பக்கத்தில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வார்த்தையில் இருக்கிறது. அதன் பெயர் அலகு.

ஒரே காற்று, நாலு பெயர்

பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் யாரும் அலகு சொல்வதில்லை. "முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பது." அவ்வளவுதான். எதில் முப்பது என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அது பி.எஸ்.ஐ. ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு விசை அழுத்துகிறது என்பது அதன் பொருள்.

ஆனால் வண்டியோடு வரும் கையேட்டைத் திறந்தால் வேறு கதை. ஒரு கம்பெனி கிலோபாஸ்கலில் எழுதும். இன்னொன்று 'பார்' என்று எழுதும் (டாஸ்மாக் பார் இல்லை, எடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது :-)). பைக் கையேடுகளில் பல, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதும். சில ஸ்டிக்கர்களில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். எந்தக் கட்டம் எந்த அலகு என்று வெயிலில் குனிந்துகொண்டு கண்டுபிடிக்கவேண்டியது வண்டிக்காரர் பாடு.

கணக்கு இதுதான்:

1 பி.எஸ்.ஐ. = 6.895 கிலோபாஸ்கல்
1 பார் = 100 கிலோபாஸ்கல் = 14.50 பி.எஸ்.ஐ.
சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ = 98.07 கிலோபாஸ்கல் = 14.22 பி.எஸ்.ஐ.

மெட்ரிக் ஆட்களும் யோக்கியர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். பவுண்டைக் குறை சொல்லும் கூட்டமே தங்களுக்குள் மூன்று அலகு வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறது. பாஸ்கல்தான் சர்வதேச முறையின் அலகு என்று 1971இலேயே எடைகள் அளவுகள் பொது மாநாடு பெயர் சூட்டிவிட்டது. பாரும் கிலோவும் இன்னும் காலி செய்யவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி எழுதி மார்க் வாங்கிய பையன், வெளியே வந்தால் பாஸ்கல் என்ற வார்த்தையை எந்தக் கடையிலும் கேட்பதில்லை. கடையில் காற்று பிடித்தே வளர்ந்த பையனுக்கு அந்த வார்த்தையே தெரியாது. கையேடு ஒரு மொழி பேசுகிறது, கடை இன்னொரு மொழி பேசுகிறது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கவேண்டியவர் யார் என்றால், இரண்டும் தெரியாத வாடிக்கையாளர்!

பவுண்டின் வேஷம்

பி.எஸ்.ஐ.யை விட்டுக்கொடுக்காதவர்கள் அதை ஏதோ மண்ணில் வேரோடிய பழைய அளவு போலப் பேசுவார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் பவுண்டுக்கும் அங்குலத்துக்கும் சொந்தக் காலே கிடையாது.

1959 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம், ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர் என்று முடிவு செய்தன. அதாவது பவுண்டு எவ்வளவு என்று கேட்டால் கிலோகிராமைக் காட்டித்தான் பதில் சொல்லமுடியும். அங்குலம் எவ்வளவு என்று கேட்டால் மில்லிமீட்டரைக் காட்டவேண்டும். இந்த இரண்டையும் வைத்துக் கட்டியதுதான் பி.எஸ்.ஐ. மெட்ரிக் அளவே தொப்பி போட்டுக்கொண்டு துரை மாதிரி வந்து நிற்கிறது. அதற்குப் பலர் இன்னும் சலாம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே இதைப் பழமைக்கும் புதுமைக்கும் நடக்கும் சண்டை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரே அளவுக்கு இரண்டு முகமூடி எதற்கு என்பதுதான் கேள்வி.

"பெருக்கிக்கிட்டா போச்சு"

உடனே வரும் பதில் இது: "இதுல என்ன இருக்கு? செல்போன்ல தட்டினா மாத்திக் குடுத்துடும்." கேட்க நன்றாக இருக்கிறது. செல்போன் எதை மாற்றும்? நம்பரை மாற்றும். எந்த அலகிலிருந்து மாற்றவேண்டும் என்பதை அதனிடம் மனிதர்தான் சொல்லவேண்டும். மேலே சொன்ன காரோட்டியின் பிரச்சினை பெருக்கல் தெரியாதது அல்ல. பெருக்கவேண்டும் என்பதே தெரியாதது.

அது மட்டுமில்லை. அழுத்தத்தில் இன்னொரு குழி இருக்கிறது. அடி, மீட்டருக்கு அது கிடையாது. பஞ்சரான டயரில் கேஜை வைத்தால் பூஜ்யம் காட்டும். உண்மையில் அந்த டயருக்குள்ளும் காற்று இருக்கிறது. வெளியே இருக்கும் அதே வளிமண்டலக் காற்று, சுமார் 101 கிலோபாஸ்கல் அல்லது 14.7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில். டயர் கேஜ் காட்டுவது அதற்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான். வானிலை அறிக்கையில் 1010 ஹெக்டோபாஸ்கல் என்று படிப்பது அப்படியல்ல. அது வெற்றிடத்திலிருந்து எண்ணிய முழு அழுத்தம். 33 பி.எஸ்.ஐ. கேஜ் அளவு என்றால் முழு அழுத்தம் சுமார் 47.7 பி.எஸ்.ஐ. இரண்டில் எதைக் குறிப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் எந்தப் பெருக்கல் காரணியைப் போட்டாலும் விடை குப்பைதான். முதலில் கூட்டவேண்டுமா என்று தெரியவேண்டும், பிறகுதான் பெருக்கல்.

மூன்றாவது, ரவுண்டு செய்வது. பாரும் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோவும் ஒன்றுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். வித்தியாசம் இரண்டு சதவீதம். பைக் டயருக்கு அது ஒன்றுமேயில்லை, சுமார் அரை பி.எஸ்.ஐ.தான் தேறும். ஆனால் தொழிற்சாலை பாய்லரின் கேஜைச் சரிபார்க்கும் ஆளுக்கு இரண்டு சதவீதம் என்பது பெரிய விஷயம். எந்த இடத்தில் பொருட்படுத்தலாம், எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று தெரிந்திருப்பதும் அலகு மாற்றத்தின் பகுதிதான். அதை எந்தச் செயலியும் சொல்லித் தராது.

படித்தவர்களே தப்பு செய்த இடங்கள்

"பஞ்சர் கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் விவரம் போதாது, அதனால்தான் குழப்பம்" என்று ஒரு மேதாவித்தனம் உண்டு. அது பொய். விவரம் கொட்டிக் கிடக்கும் இடங்களிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் போகிறது. கனடா அப்போது மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். அந்த நிறுவனத்தில் கிலோகிராமில் எரிபொருள் கணக்கிட்ட முதல் ரக விமானம் இதுதான். எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை என்பதால் குச்சி விட்டு அளந்து, லிட்டரை எடையாக மாற்றினார்கள். லிட்டருக்கு சுமார் 0.8 கிலோ என்று போட்டிருக்கவேண்டும். பழைய பழக்கத்தில் இருந்த 1.77ஐப் போட்டார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற காரணி. பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் 22,300 கிலோ தேவைப்பட்ட விமானத்தில் ஏறத்தாழ அதில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இன்ஜினும் நின்றன. விமானி அதைக் கிளைடர் போல மிதக்க விட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். ஒருவரும் சாகவில்லை. விமானியின் திறமை அது. எல்லா நாளும் அப்படி அமையாது.

1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்த அன்றே தொலைந்தது. ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டு விசையில் கொடுத்தது. அதைப் பெற்றுக்கொண்ட மென்பொருள் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. பி.எஸ்.ஐ.க்குள் உட்கார்ந்திருப்பது அதே பவுண்டு விசைதான்.

இவை எரிபொருளும் உந்துதலும். அழுத்தத்திலேயே ஓர் உதாரணம் வேண்டுமென்றால், விமானத்தின் உயரமானியை எடுத்துக்கொள்ளலாம். அது உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் காட்டுகிறது. அன்றைய கடல்மட்ட அழுத்தத்தைக் கட்டுப்பாட்டு அறை சொல்லும், விமானி அதை உயரமானியில் வைத்துக்கொள்வார். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதைப் பாதரச அங்குலத்தில் சொல்கிறார்கள். இந்தியா உட்பட உலகின் பெரும்பகுதியில் ஹெக்டோபாஸ்கல்.

அங்குலக்காரர்களுக்குச் சராசரி நாளின் அளவு 29.92. ஹெக்டோபாஸ்கல் நாட்டில் இறங்கும்போது ஒரு மோசமான வானிலை நாளில் "992" என்று காதில் விழுகிறது. பழகிய மூளை முன்னால் ஒரு 2ஐத் தானாகச் சேர்த்து 29.92 என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. 992 ஹெக்டோபாஸ்கல் என்பது உண்மையில் 29.29 அங்குலம். இந்த ஒரு சறுக்கலில் உயரமானி சுமார் 600 அடி அதிகமாகக் காட்டும். மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் விமானம், தான் நினைப்பதைவிட 600 அடி தரைக்கு அருகில் இருக்கும். விமானப் பாதுகாப்புப் பயிற்சிகளில் இதைத் தனியாகவே சொல்லி எச்சரிக்கிறார்கள். நம்பரோடு அலகையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று அங்கே வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

அலகை வாய்விட்டுச் சொல் என்று பல ஆயிரம் மணி நேரம் பறந்த விமானிக்கே சொல்லவேண்டியிருக்கிறது. ஸ்கூட்டருக்குக் காற்று பிடிக்க வரும் அம்மாவுக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லையாம். அவராகவே கண்டுபிடித்துக்கொள்ளவேண்டுமாம்.

அணா போன விதம்

"மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை, ஜனங்கள் குழம்பிப்போவார்கள்" என்பது அடுத்த வாதம். இந்தியாவில் இருந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஏனென்றால் இதைவிடப் பெரிய மாற்றத்தை இந்த நாடு செய்து முடித்திருக்கிறது.

1957 ஏப்ரல் 1. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்படி. அன்று முதல் 100 நயா பைசா. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த நாடு. கால்குலேட்டர் கிடையாது. ஓர் அணா என்பது சரியாக 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. என்ன செய்தார்கள்? பெருக்கிக்கொள்ளுங்கள் என்று ஜனங்களிடம் விட்டுவிடவில்லை. அரசே மாற்றுப் பட்டியல் போட்டது. ஓர் அணா 6 நயா பைசா, இரண்டு அணா 12, மூன்று அணா 19, நாலணா 25. அரையும் அதற்குக் கீழும் விட்டுவிடு, அரைக்கு மேல் என்றால் ஒன்றாக எடுத்துக்கொள் என்பது விதி.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். மூன்று அணாச் சாமான் ஒன்றை வாங்கினால் 19 நயா பைசா. ஓர் அணாச் சாமானைத் தனித்தனியாக மூன்று முறை வாங்கினால் 18. ரவுண்டு செய்வதில் யாருக்கோ லாபம், யாருக்கோ நஷ்டம் என்பது அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த ரவுண்டைக் கடைக்காரர் இஷ்டத்துக்கு விடவில்லை. பட்டியல் ஒன்றே, எல்லாருக்கும் அதே. இரண்டு வகை நாணயமும் சில காலம் சேர்ந்தே புழங்கின. 1964இல் 'நயா'வும் உதிர்ந்து வெறும் பைசா ஆனது. இன்றைக்கு "நாலணா" என்பது பேச்சில் மட்டும் மிச்சம்.

எடைக்கும் அதே கதை. 1956இல் எடைகள் அளவுகள் சட்டம் வந்தது. 1958 முதல் படிப்படியாகப் பலமும் சேரும் வீசையும் மணங்கும் கடையை விட்டு வெளியேறின. ஊருக்கு ஊர் மாறிய படிக்கும் மரக்காலுக்கும் பதில் லிட்டர் வந்தது. வீசையில் வெல்லம் வாங்கிப் பழகிய ஒரு தலைமுறையே கிலோவுக்கு மாறியது. அவர்கள் குழம்பித் தெருவில் நிற்கவில்லை.

இப்போது நடப்பில் இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். எல்லா அளவுகளும் மெட்ரிக் முறையில்தான் என்று அதன் 4ஆவது பிரிவு சொல்கிறது. பொருளோ சேவையோ, விலையையும் அளவையும் நிலையான அலகில்தான் குறிப்பிடவேண்டும் என்று 11ஆவது பிரிவு சொல்கிறது. முக்கால் கிலோ கத்தரிக்காய்க்கு முத்திரையிட்ட எடைக்கல் கேட்கும் நாட்டில், மனித உயிரைத் தாங்கி ஓடும் டயருக்குள் இருக்கும் காற்றை மட்டும் இன்னும் பவுண்டிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பங்க்கில் காற்று இலவசம்தானே, அதில் ஏது வியாபாரம் என்று கேட்பவர்கள் உண்டு. காற்று இலவசம். கார் இலவசமா? டயர் இலவசமா? அந்த ஸ்டிக்கர் விற்ற பொருளோடு வந்த வாக்கு இல்லையா?

அப்படியானால் எல்லாவற்றையும் மாற்றவேண்டுமா?

வேண்டாம். இங்கேதான் மெட்ரிக் வெறியர்களிடமிருந்தும் விலகி நிற்கவேண்டியிருக்கிறது.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 120/80 என்பது பாதரச மில்லிமீட்டர். கிலோபாஸ்கலில் சொன்னால் 16.0/10.7. சுத்தமான சர்வதேச அலகு வேண்டும் என்பவர்கள் இதையும் மாற்றச் சொல்வார்கள். எதற்கு? டாக்டரின் கருவி, லேப் சீட்டு, மருந்துக் கடை மெஷின், வீட்டுப் பெரியவரின் நோட்டு எல்லாம் ஒரே அலகில் பேசுகின்றன. ஒருவர் இன்னொருவருக்காக மாற்றிச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. பழைய அலகுதான், ஆனால் ஒரே அலகு. அதைத் தொட்டால்தான் ஆபத்து.

குக்கரைப் பாருங்கள். வீட்டுக் குக்கரின் வெயிட் சுமார் 100 கிலோபாஸ்கலில் தூக்கிக்கொண்டு விசில் அடிக்கும்படி செய்யப்பட்டது. மேல்நாட்டுச் சமையல் புத்தகங்கள் 15 பவுண்டு என்று எழுதுவது இதைத்தான். உள்ளே தண்ணீர் 120 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகக் கொதிக்கும். சமைப்பவருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியவேண்டியதில்லை. பருப்புக்கு மூணு விசில், முடிந்தது. ஏனென்றால் அளக்கும் வேலையைத் தயாரித்தவரே செய்து, அந்த வெயிட்டுக்குள் வைத்து அனுப்பிவிட்டார். அழுத்தத்தை ஜனங்களிடம் எப்படி ஒப்படைக்கவேண்டும் என்பதற்கு அதுவே பாடம்.

டயர் விஷயத்தில் கதை தலைகீழ். டயரின் பக்கச்சுவரில் 165/80 R 14 என்ற மாதிரி ஒரு எழுத்து இருக்கும். அகலம் மில்லிமீட்டரில், உயரம் அகலத்தின் சதவீதத்தில், உள்விட்டம் அங்குலத்தில்! ஒரே வரியில் மூன்று ஜாதி. ஆனால் அதைப் படித்து யாரும் எதையும் கணக்குப் போடவேண்டியதில்லை. பழைய டயரில் இருப்பதைப் புது டயரிலும் பார்த்து வாங்கினால் போதும். எனவே அது அசிங்கமாக இருந்தாலும் ஆபத்தில்லை. காற்றழுத்தம் அப்படியல்ல. கையேடு சொல்வதைக் கேஜில் வைக்கவேண்டும். ஒரு காகிதத்திலிருந்து ஒரு கருவிக்கு, ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்கு அந்த நம்பர் பயணம் செய்கிறது. பயணத்தில்தான் அலகு தொலைகிறது.

ஆக, வாதம் மெட்ரிக்கா பவுண்டா என்பதே அல்ல. மாற்றிச் சொல்லவேண்டிய பாரம் யார் தலையில் இருக்கிறது என்பதுதான். எழுதித் தயாரித்து விற்றுக் காசு வாங்கியவர்கள் தலையில் இருக்கவேண்டிய பாரத்தை, காற்றுக் குழாய் பக்கத்தில் குந்தியிருக்கும் மனிதர் தலையில் வைத்திருக்கிறார்கள். கணக்கு தெரிந்தவர் தப்பித்துக்கொள்வார், தெரியாதவர் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு ஓட்டவேண்டியதுதான் என்றால், அதற்குப் பெயர் தரக்கட்டுப்பாடு இல்லை.

செய்யவேண்டியது

பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒன்று, வண்டியின் ஸ்டிக்கரில் ஒரே அலகு பெரிய எழுத்தில். அது கிலோபாஸ்கலாக இருப்பதே நியாயம். பாரும் கிலோவும் பக்கத்தில் நின்று குழப்பவேண்டாம். பழக்கம் மாறும்வரை அடைப்புக்குறிக்குள் பி.எஸ்.ஐ. இருக்கட்டும், அணாவும் நயா பைசாவும் சேர்ந்து புழங்கிய மாதிரி.

இரண்டு, பங்க் மெஷினிலும் கடைக் கேஜிலும் அதே அலகு. டிஜிட்டல் மெஷின்களில் பல, அலகை மாற்றிக்கொள்ளும் வசதியோடுதான் வருகின்றன. முகப்பில் எந்த அலகு ஓடுகிறது என்பது நம்பர் அளவுக்கே பெரிதாகத் தெரியவேண்டும்.

மூன்று, காற்று பிடிக்கும் இடத்தில் ஒரு பட்டியல். 1957இல் அரசு போட்டது மாதிரி. ஏழு வரி போதும்:

150 கிலோபாஸ்கல் – 22 பி.எஸ்.ஐ.
175 – 25
200 – 29
220 – 32
230 – 33
250 – 36
280 – 41

இதைத் தமிழில் பெரிதாக எழுதி மாட்ட ஒரு தகரமும் பெயின்டும் போதாதா?

இவை நடக்கும்வரை கைவசம் ஒரு குறுக்குவழி உண்டு. பி.எஸ்.ஐ.யை 7ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல், கிலோபாஸ்கலை 7ஆல் வகுத்தால் பி.எஸ்.ஐ. 30 என்றால் 210, உண்மையான விடை 207. டயருக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த எவரும் செய்யலாம்.

ஆனால் குறுக்குவழி தெரிந்தவர்களுக்காக இந்தச் சண்டை இல்லை. அவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் எந்த வாய்ப்பாடும் தெரியவேண்டிய அவசியம் இல்லை. தெரியாமலேயே பத்திரமாக ஊர் போய்ச் சேரும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அடுத்த முறை காற்று பிடிக்கும் பையன் "எவ்ளோ சார்?" என்று கேட்டால், நம்பரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கவேண்டாம். ஸ்டிக்கரில் நம்பரைப் படித்த கையோடு பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் படித்து, அதையும் சேர்த்துச் சொல்லலாம். பையன் முழிக்கலாம். முழிக்கட்டும். நாலு பேர் சொன்னால் அவன் கடை முதலாளியைக் கேட்பான். நாற்பது பேர் சொன்னால் முதலாளி கேஜ் விற்றவரைக் கேட்பார். வீசை போனதும் அணா போனதும் அப்படித்தான் பழக்கமாயிற்று. பவுண்டும் போகும்.